பாம்புக்குத் துணை

இரண்டு பாம்புகளை ஒரே கூண்டில் வளர்க்கலாமா, கூடாதா? இப்படி ஒரு கேள்வி உலகத்தில் இருக்கிறது என்று சொன்னால் நம்மவர்களில் பலர் சிரிப்பார்கள். ஒரு பாம்பையே வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதுதான் நமக்குத் தெரிந்த சாஸ்திரம். புற்றுக்குப் பாலும் முட்டையும் வைப்போம். மஞ்சளும் குங்குமமும் இடுவோம். ஆனால் புற்றுக்குள் இருப்பவர் புறப்பட்டு வந்து கூடத்தில் உலாவ ஆரம்பித்தால் கம்பைத் தேடுவோம். பக்தி ஒரு கையில், கம்பு ஒரு கையில்.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அப்படி அல்ல. அங்கே கிளி வளர்ப்பது போலப் பாம்பு வளர்க்கிறவர்கள் ஏராளமாக இருக்கிறார்கள். இந்த ஒரு கேள்வியின் பேரில் அவர்களுக்குள் நடக்கிற சண்டை, வடகலை தென்கலை வழக்குகளுக்குச் சற்றும் இளைத்தது அல்ல. பாம்பு ஏகாந்தப் பிராணி, அதற்குத் துணை சேர்ப்பது பாவம் என்று ஒரு கட்சி. என் வீட்டில் இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று படுத்து உறங்குகின்றனவே, அது அன்பு இல்லாமல் வேறு என்ன என்று மற்றொரு கட்சி.

பாம்பு வளர்க்கும் ஆசை எனக்குக் கிடையாது. ஆனாலும் இந்தச் சண்டையைக் கொஞ்ச காலமாகக் கவனித்து வருகிறேன். கதை எழுதுகிறவனுக்கு, இரண்டு ஜீவன்களை ஒரு வீட்டில் வைத்தால் என்ன நடக்கும் என்பதைவிடப் பெரிய விஷயம் எது இருக்கிறது? நாம் எழுதுகிற குடும்பக் கதைகள் எல்லாம் இந்த ஒரு கேள்விதானே! அதனால் இதன் பூர்வோத்தரத்தைத் தேடிக்கொண்டு போனேன். போன இடத்தில் ஒரு ராஜ்யத்தின் சரித்திரமே அகப்பட்டது.

முதலில் கதாநாயகனை அறிமுகம் செய்துவிடுகிறேன். சண்டையில் அதிகமாக அடிபடும் பாம்பின் பெயர் பால் பைதான். பால் என்றதும் நாக சதுர்த்தி ஞாபகம் வர வேண்டாம்; பந்து என்று அர்த்தம் கொண்ட ஆங்கிலச் சொல் அது. பயம் வந்தால் இந்தப் பாம்பு பெரும்பாலும் சண்டைக்கு நிற்பதில்லை. உடம்பைச் சுருட்டி, தலையை நடுவில் ஒளித்து, உருட்டிவிடலாம் போல ஒரு பந்தாகிவிடும். மலைப்பாம்பு ஜாதிதான், விஷம் கிடையாது. ஆனால் மலைப்பாம்பு என்றதும் நாம் நினைக்கிற ஆட்டை விழுங்கும் பூதம் அல்ல. மூன்றடி முதல் ஐந்தடி வரையில்தான் வளரும். பெண் ஆணைவிடப் பெரிது. கரும் பழுப்பு உடம்பில் தேன் நிறத் திட்டுகள். பார்க்க லட்சணமாகவே இருக்கும். 1802-ஆம் வருஷம் ஜார்ஜ் ஷா என்ற ஆங்கிலேயர் இதற்கு லத்தீனில் 'ராஜ' என்ற அடைமொழி கொடுத்துப் பெயர் வைத்தார். இங்கிலாந்தில் இன்றும் இதை ராஜ மலைப்பாம்பு என்றே சொல்கிறார்கள். பந்து என்பது அமெரிக்கா வைத்த செல்லப் பெயர்.

இதன் சொந்த ஊர் ஆப்பிரிக்கா. மேற்கே செனகல் முதல் கிழக்கே உகாண்டா வரையில் புல்வெளிகளிலும் வயல் ஓரங்களிலும் வாழ்கிறது. பகலில் எலி வளையிலோ கறையான் புற்றிலோ கிடக்கும். இருட்டிய பிறகு வெளியே வரும். எலிதான் பிரதான ஆகாரம்.

இந்தச் சாதுவான பிராணியைத் தெய்வமாக்கிய ஊர் ஒன்று உண்டு. இன்று பெனின் என்று சொல்லப்படும் நாட்டின் கடற்கரையில் உள்ள உய்தா என்ற நகரம்தான் அது. முந்நூறு வருஷங்களுக்கு முன்னால் அந்தப் பகுதி ஹுவேடா என்ற ஒரு சிறிய ராஜ்யம். ஸாவி என்ற ஊரில் அரசன் இருந்தான். டாங்பே என்பது பாம்புத் தெய்வத்தின் பெயர். எப்படி வந்தது இந்தத் தெய்வம்? பக்கத்து ராஜ்யத்தோடு யுத்தத்துக்கு நிற்கும்போது எதிரியின் பாசறையிலிருந்து ஒரு பாம்பு புறப்பட்டு வந்து இவர்கள் பக்கம் சேர்ந்ததாம். பூசாரி அதைக் கையில் தூக்கிச் சேனைக்குக் காட்டினாராம். சேனை விழுந்து கும்பிட்டு எழுந்து யுத்தத்தை ஜயித்ததாம். பிரெஞ்சுப் பிரயாணிகள் எழுதி வைத்துவிட்டுப் போன கதை இது. கட்சி மாறி வந்தவரைக் கோயில் கட்டிக் கும்பிடுவது ஆப்பிரிக்காவோடு நின்றுவிடவில்லை என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

வில்லெம் பாஸ்மன் என்ற டச்சு வியாபாரி பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே போயிருந்தார். 1704-இல் வெளியான அவருடைய புத்தகம் கினிக் கடற்கரையைப் பற்றி எழுதியவர்களுக்கெல்லாம் மூலநூல் ஆயிற்று. மனிதர் வியாபாரி, அதுவும் மனிதர்களை வாங்கி விற்ற வியாபாரி. ஆனால் கண்ணும் காதும் கூர்மை. ஸாவிக்கு இரண்டு மைல் தள்ளி, உயர்ந்த மரம் ஒன்றின் அடியில் பாம்புக் கோயில் இருந்ததையும், அரசன் அங்கே காணிக்கை அனுப்புவதையும் அவர் எழுதியிருக்கிறார். கோயிலில் இருந்தது தலைமைப் பாம்பு. பிரஜைகளான மற்றப் பாம்புகள் ஊர் முழுவதும் உலாவின. யார் வீட்டிலும் நுழையலாம். எந்தப் பாயிலும் படுக்கலாம். பாஸ்மனின் சாப்பாட்டு மேஜைக்கு நேர் மேலே, கூரையில், ஒரு பாம்பு பதினான்கு நாள் படுத்திருந்ததாம். அதை அப்புறப்படுத்தும் எண்ணமே தமக்கு வரவில்லை என்கிறார். வராததற்குக் காரணம் உண்டு. அவருக்கு முன்னால் அந்தக் கரைக்கு முதன்முதல் வந்த ஆங்கிலேயர்கள், தங்கள் விடுதியில் கண்ட பாம்பை அடித்துக் கொன்று வெளியே எறிந்தார்கள். ஊரார் அவர்களைக் கொன்று, வீட்டையும் சரக்கையும் கொளுத்திவிட்டார்கள். இந்தச் சம்பவத்தையும் பாஸ்மனே சொல்கிறார்.

1697-ஆம் வருஷத்தில் பன்றிகளுக்கு ஆபத்து வந்தது. ஒரு பன்றி தெய்வத்தைத் தின்றுவிட்டது. பூசாரிகள் அரசனிடம் முறையிட்டார்கள். ராஜ்யத்தில் உள்ள பன்றிகளை எல்லாம் கொல்ல உத்தரவாயிற்று. கத்தியும் தடியுமாக ஜனங்கள் கிளம்பினார்கள். பன்றி வைத்திருந்தவர்கள் எத்தனை கெஞ்சியும் பயனில்லை. தின்றது ஒரு பன்றி என்றாலும் குற்றம் பன்றிக் குலத்தினுடையது.

இத்தனை மரியாதையும் ஒரு நாளில் போயிற்று. வடக்கே தஹோமி என்ற ராஜ்யம் தலையெடுத்திருந்தது. அதன் அரசன் அகாஜா, ஐரோப்பியக் கப்பல்களோடு நேரில் வியாபாரம் செய்யக் கடற்கரையை விரும்பினான். 1727-இல் ஸாவியின் மேல் படையெடுத்தான். நடுவே ஒரு நதி. நதியைக் காக்கச் சேனை வைக்க வேண்டிய இடத்தில் ஹுவேடா ஜனங்கள் பாம்பை வைத்தார்கள் என்று வில்லியம் ஸ்னெல்கிரேவ் என்ற ஆங்கிலக் கப்பல் தலைவர் எழுதுகிறார். தஹோமி வீரர்கள் நதியைக் கடந்தார்கள். ஊருக்குள் வீடு வீடாகக் கிடந்த பாம்புகளை நடு உடம்பில் பிடித்துத் தூக்கி, நீ தெய்வமானால் வாயைத் திறந்து பேசித் தப்பித்துக்கொள் என்று பரிகாசம் செய்தார்கள். பேசாததனால் தலையை வெட்டி, நெருப்பில் வாட்டித் தின்றார்கள். இந்தப் பாம்புகளின் குணத்தை யோசித்தால் மனம் சங்கடப்படுகிறது. தூக்கியவன் கையில் அவை பந்தாகச் சுருண்டிருக்கும். வேறு ஒன்றும் அவற்றுக்குத் தெரியாது.

ஆனால் ஜயித்தவர்கள் வழிபாட்டை வேரோடு பிடுங்கவில்லை. தோற்ற ஜனங்களின் தெய்வத்தை அவர்களுக்கே விட்டுவிட்டார்கள். பிற்பாடு தாங்களும் மதித்தார்கள். தஹோமி 1894-இல் பிரெஞ்சுக் குடியேற்ற நாடாகி, 1960-இல் சுதந்திரம் பெற்று, 1975-இல் பெனின் என்று பெயர் மாறியது. கோயில் இன்னும் இருக்கிறது. நேர் எதிரே கத்தோலிக்கர்களின் பெரிய மாதா கோயில்; நடுவே ஒரு மைதானம்; இந்தப் பக்கம் பாம்புக் கோயில். வட்டமான சிறு அறையில் சில டஜன் ராஜ மலைப்பாம்புகள் ஒன்றாகக் கிடக்கின்றன. சுற்றுலாக்காரர்கள் கழுத்தில் மாலை போலப் போட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

இதைப் படித்தபோதுதான் எனக்குக் கூண்டுச் சண்டை ஞாபகம் வந்தது. ஒரே அறையில் டஜன் கணக்கில் பாம்புகளை வைத்துப் பரம்பரை பரம்பரையாகக் காப்பாற்றி வருகிறவர்கள் இருக்கும்போது, சேர்த்து வைப்பது பாவம் என்று எப்படிச் சொல்ல முடியும்? சேர்ப்புக் கட்சிக்கு இதைவிடப் பழைய சாட்சி வேறு கிடைக்காது.

ஆனால் ஒரு விவரத்தைக் கவனிக்க வேண்டும். அந்தக் கோயில் பாம்புகளை இரவில் வெளியே விடுகிறார்கள். அவை ஊருக்குள் போய் எலியோ கோழிக்குஞ்சோ தேடித் தின்கின்றன. காலையில் யார் வீட்டிலாவது படுத்திருந்தால் வீட்டுக்காரர் பதறுவதில்லை. மரியாதையாக எடுத்துக் கொண்டுவந்து கோயிலில் விடுகிறார். ஆகவே அது சிறை அல்ல, சத்திரம். போக்குவரத்து உள்ள இடத்தில் எத்தனை பேர் தங்கினாலும் பெரிய விரோதம் வருவதில்லை. பிடிக்காதவனை விட்டு விலகிப் போக வழி இருக்கிறது அல்லவா?

அதே ஊரில், அதே காலத்தில், மனிதர்களுக்கு அந்த வழி இருக்கவில்லை என்பதையும் சொல்லாமல் மேலே போக என்னால் முடியவில்லை. ஆப்பிரிக்கக் கரையில் அடிமைகளை ஏற்றுமதி செய்த மிகப் பெரிய துறைகளில் உய்தா ஒன்று. அந்த ஒரு கரையிலிருந்து சுமார் பத்து லட்சம் பேர் கப்பல் ஏற்றப்பட்டார்கள். கொட்டடியில் அடைத்து, சங்கிலியில் பிணைத்து, கப்பலின் அடித்தளத்தில் நெருக்கிப் படுக்க வைத்து அனுப்பினார்கள். பாம்புக்குத் திறந்த வாசல், மனிதனுக்குப் பூட்டிய கொட்டடி. பாஸ்மன் தம் தலைக்கு மேலே படுத்திருந்த பாம்பைப் பற்றி ரசமாக எழுதுகிறார். கொட்டடிக் கணக்கை எழுதும்போது அந்த ரசம் இல்லை, கணக்கு மட்டும் இருக்கிறது.

இனி லண்டனுக்குப் போகலாம். அடைத்து வைத்த பாம்புகளின் கதை அங்கேதான் ஒழுங்காக எழுதப்பட்டது. 1849-இல் லண்டன் மிருகக்காட்சிச் சாலையில் பாம்பு, ஆமை முதலியவற்றுக்கென்றே ஒரு வீடு திறந்தார்கள். உலகத்திலேயே முதலாவது என்று அதைச் சொல்வார்கள். அங்கே கண்ணாடி முகப்புள்ள பெட்டிகளில் இரண்டு மூன்று பாம்புகளைச் சேர்த்து வைப்பது சர்வ சாதாரணம். வருகிறவர்கள் காசு கொடுத்து வருகிறார்கள்; ஒரு பெட்டியில் ஒரு பாம்பு சுருண்டு கிடந்தால் பார்த்த மாதிரியே இருக்காது.

1894-ஆம் வருஷம் அக்டோபரில் ஒரு பெட்டியில் இரண்டு போவாப் பாம்புகள் இருந்தன. போவா என்பது அமெரிக்கக் கண்டத்துப் பெரும் பாம்பு. பந்து மலைப்பாம்புக்குத் தூரத்து உறவு. ஒன்று பதினோரு அடி, மற்றது ஒன்பது அடி. வெகு நாள் கூட்டாளிகள். மாலையில் காவலாளி புறாவை உள்ளே போட்டுவிட்டுப் போனான். காலையில் வந்து பார்த்தபோது பெட்டியில் ஒரே ஒரு பாம்பு இருந்தது. பெட்டியோ பத்திரமாகப் பூட்டியிருந்தது. மிஞ்சிய பாம்பு சுருள முடியாமல், உப்பி, நீளக் கிடந்தது. துப்பறிய ஷெர்லக் ஹோம்ஸ் வேண்டியிருக்கவில்லை. மிருகக்காட்சிச் சாலையின் மேலாளர் பார்ட்லெட் இதை விலங்கியல் சங்கத்துக்கு எழுதி அறிவித்தார்.

இதில் துவேஷம் ஏதும் இல்லை என்பதுதான் விசேஷம். சிறிய பாம்பு ஒரு புறாவைக் கவ்வியிருக்க வேண்டும். பெரியதும் அதே புறாவைக் கவ்வியிருக்க வேண்டும். பாம்பின் பற்கள் உட்பக்கம் வளைந்தவை. வாயில் சிக்கியதை உள்ளே தள்ளுவது சுலபம். வெளியே விடுவது சிரமம். புறா போன வழியில் அதைப் பிடித்திருந்த தலையும் போயிற்று. தலை போன வழியில் ஒன்பது அடியும் போயிற்று. கொலை என்று சொல்வதைவிடச் சாப்பாட்டுப் பந்தியில் நேர்ந்த விபத்து என்று சொல்லலாம். சில வாரங்களில் பெரிய பாம்பு பழைய பருமனுக்கு வந்து, அடுத்த வேளைக்குத் தயாராகிவிட்டது.

இன்றைக்குச் சேர்த்து வைக்காதே என்று சொல்கிறவர்கள் எல்லாம் முதலில் பயமுறுத்துவது இந்த ஜாதிக் கதைகளைக் கொண்டுதான். பந்து மலைப்பாம்பு விஷயத்தில் இது மிக அபூர்வம். ஆனாலும் இரண்டு பாம்புகளைச் சேர்த்து வைத்து, அங்கேயே இரண்டுக்கும் இரை போடுவது மடத்தனம் என்பதில் இரு கட்சிக்கும் தகராறு இல்லை.

லண்டன் கதையோடு இது நின்றிருந்தால் சில காவலாளிகளின் தொழில் ரகசியமாகப் போயிருக்கும். வீடு வீடாக இந்தக் கேள்வியைக் கொண்டுவந்தது வியாபாரம். மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோ, கானா, பெனின் ஆகிய மூன்று நாடுகளும் பந்து மலைப்பாம்பை ஏற்றுமதி செய்ய ஆரம்பித்தன. 1975-க்குப் பிறகு முப்பது லட்சத்துக்கு மேல் உயிரோடு கப்பலிலும் விமானத்திலும் போயிருக்கின்றன. அடிமைகளைக் கணக்கிட்ட அதே கரையில் இப்போது பாம்புகளைக் கணக்கிடுகிறார்கள். முட்டை சுமக்கும் பெண் பாம்பை வளையிலிருந்து தோண்டி எடுத்து, முட்டை இட்ட பிறகு, பொரிந்த குட்டிகளைத் துணிப்பையில் போட்டு அனுப்புவது வழக்கம். பையில் சேர்த்துத்தான் போடுகிறார்கள். அங்கே ஏகாந்தம் பார்ப்பதற்கு இல்லை.

பிறகு 1992-இல் அமெரிக்காவில் ஒருவர் வெள்ளையும் மஞ்சளுமாக, சிவந்த கண்ணோடு ஒரு குட்டியைக் கூண்டிலேயே பொரிக்க வைத்தார். அதிலிருந்து நிறப் பைத்தியம் பிடித்தது. கோடு போட்டது, புள்ளி வைத்தது, பழுக்கக் காய்ச்சிய செம்பு நிறம், சாம்பல் நிறம் என்று பட்டுச் சேலைக் கடை போல வகைகள் பெருகின. ஒரு குட்டி ஆயிரக்கணக்கான டாலருக்கு விற்றது. நூற்றுக்கணக்கில் வளர்க்கிறவன் கண்ணாடிப் பெட்டிக்கு எங்கே போவான்? மேஜை இழுப்பறை போல அடுக்கடுக்காகப் பிளாஸ்டிக் பெட்டிகள் செய்தார்கள். ஒரு பெட்டிக்கு ஒரு பாம்பு, காகிதப் படுக்கை, தண்ணீர்க் கிண்ணம், பின்னால் கொஞ்சம் சூடு. வெளிச்சம் தேவையில்லை என்றார்கள். இழுத்தால் பாம்பு, தள்ளினால் அலமாரி.

பாம்பு தனிமையை விரும்பும் பிராணி என்ற சித்தாந்தம் இந்த அலமாரிகளோடு வெகு பொருத்தமாகச் சேர்ந்துகொண்டது. கோயிலுக்குப் பல தெய்வங்கள் தேவைப்பட்டன. அங்கே பாம்பு கூட்டமாக வாழும் பிராணி. காட்சிச் சாலைக்குக் கூட்டம் தேவைப்பட்டது, அங்கேயும் கூட்டாளிகள். வளர்ப்பு வியாபாரிக்கு எந்தக் குட்டி எந்தப் பாம்பினுடையது என்ற கணக்கு தேவைப்பட்டது. உடனே பாம்பு சந்நியாசி ஆகிவிட்டது! மூன்று இடத்திலும் வைத்திருப்பவனின் சௌகரியம் பேசியதே தவிர, பாம்பை யாரும் கேட்கவில்லை.

இதற்காகப் பிரித்து வைக்கும் கட்சியின் காரணங்கள் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. அவை திடமான காரணங்கள். பாம்புக்கு உடம்புச் சூடு வெளியிலிருந்து வர வேண்டும். பெட்டியில் சூடான மூலை ஒன்றுதான் என்றால் பலசாலி அதைப் பிடித்துக்கொள்ளும், மற்றது குளிரில் கிடந்து ஜீரணமாகாமல் வாடும். பந்து மலைப்பாம்பு சாதாரணமாகவே மாதக் கணக்கில் பட்டினி கிடக்கும் பிராணி. இரண்டு இருந்தால் எது தின்றது, எது கக்கியது என்று தெரியாது. ஒன்றுக்கு உண்ணி பிடித்தால் இரண்டுக்கும் பிடிக்கும். 2014-இல் இந்தப் பாம்புகளின் மூச்சுக் குழாயைத் தாக்கிக் கொல்லும் ஒரு வைரஸைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். வெளிப் பார்வைக்கு நன்றாக இருக்கும் பாம்பு அதைச் சுமந்துகொண்டிருக்கலாம்.

நம் ஊருக்கும் இந்தச் சனியன் வந்துவிட்டது. நம் நாட்டு மலைப்பாம்பை வீட்டில் வைக்க 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. ஆகவே ஆசைக்காரர்கள் அயல்நாட்டுப் பாம்பைத் தேடுகிறார்கள். 2022-இல் செய்த திருத்தப்படி அதற்கும் பதிவு வேண்டும். பதிவு வேண்டாதவர்கள் பெட்டியில் கொண்டுவருகிறார்கள். 2023 ஜனவரியில் சென்னை விமான நிலையத்தில் பாங்காக்கிலிருந்து வந்த, கேட்பாரற்ற பெட்டிகளில் 45 பந்து மலைப்பாம்புகள் அகப்பட்டன. அதே வருஷம் ஜூலைக் கடைசியில் திருச்சி விமான நிலையத்தில் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பிரயாணியின் பெட்டியில் 47 மலைப்பாம்புகளும் இரண்டு பல்லிகளும் இருந்தன. சட்டை வேஷ்டி மடித்து வைக்கிற இடத்தில் நாற்பத்தேழு உயிர்! சேர்த்து வைக்கலாமா என்ற கேள்வி அந்தப் பெட்டியின் முன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

கடைசியாகக் கனடாவில் சிலர் பாம்பையே கேட்டுப் பார்த்தார்கள். வில்ஃப்ரிட் லாரியர் பல்கலைக் கழகத்தில் மார்கன் ஸ்கின்னர், நோம் மில்லர் என்ற ஆராய்ச்சியாளர்கள் முதலில் கார்ட்டர் பாம்பு என்ற சாதாரணத் தோட்டத்துப் பாம்பை எடுத்துக்கொண்டார்கள். அந்த ஜாதி குளிர்காலத்தில் பாறை வெடிப்புகளில் ஆயிரக்கணக்கில் கூடுவது எல்லோருக்கும் தெரியும். 2020-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு, நாற்பது குட்டிகளைப் பத்துப் பத்தாக விட்டுப் பார்த்ததில், ஒவ்வொன்றும் குறிப்பிட்ட சில தோழர்களையே தேடிப் போயிற்று என்பது. எத்தனை முறை கலைத்து விட்டாலும் அதே கோஷ்டி மறுபடி சேர்ந்தது. நம் திண்ணைகளில் நடப்பதுதான்.

பிறகு தனிமைக்குப் பெயர் போன பந்து மலைப்பாம்பை எடுத்தார்கள். 2024-இல் முடிவு வெளியாயிற்று. ஆறு ஆறு இளம் பாம்புகளாக ஐந்து கோஷ்டிகள். ஒவ்வொரு கோஷ்டிக்கும் விசாலமான ஒரு பெட்டி. அதில் ஆளுக்கு ஒன்று வீதம் ஒளிந்துகொள்ளப் போதுமான குடில்கள். பத்து நாள், இரவும் பகலும், காமிரா படம் பிடித்தது. தனிமைப் பிரியர்கள் என்றால் ஆறும் ஆறு குடிலில் போய்ப் படுத்திருக்க வேண்டும். ஆறும் ஒரே குடிலில் போய் நெருக்கிக்கொண்டு படுத்தன! கலைத்து விட்டால் திரும்பவும் கூடின. அந்தக் குடிலையே எடுத்துவிட்டால், ஆறும் வேறு ஒரு குடிலைத் தேர்ந்தெடுத்து அதில் சேர்ந்தன. மொத்த நேரத்தில் நூற்றுக்கு அறுபது பங்குக்கு மேல் அவை ஒன்றாகவே கழித்தன.

சேர்ப்புக் கட்சி இதைக் கேட்டு மேளம் கொட்டியது. எனக்கு அவ்வளவு உற்சாகம் வரவில்லை. அந்தப் பரிசோதனையில் என் மனத்தைத் தொட்டது ஆறு பாம்பும் சேர்ந்தது அல்ல. காலியாக இருந்த ஐந்து குடில்கள். போக இடம் இருந்தும் போகாமல் இருந்ததனால்தான் அது துணை. ஒரே மறைவிடம் உள்ள கண்ணாடித் தொட்டியில் இரண்டு பாம்புகள் ஒன்றன் மேல் ஒன்று கிடந்தால் அது எதற்கும் சாட்சி அல்ல. பொங்கலுக்கு முதல் நாள் தெற்கே போகிற ரயிலில் முன்பின் தெரியாதவர்கள் தோளில் தோள் சாய்ந்து தூங்குகிறார்கள்; அதைப் பார்த்து இவர்களுக்குள் என்ன ஒட்டுதல் என்று யாராவது சொல்வார்களா? மேலும், அந்தப் பரிசோதனைக்குப் பத்து நாளோடு ஆயுள் முடிந்தது. பத்து நாள் சத்திர வாசம் முப்பது வருஷக் குடித்தனம் ஆகாது. இந்தப் பாம்புகளுக்கு முப்பது வருஷம் என்பது சாதாரண ஆயுள்.

ஆகவே என்னைக் கேட்டால், தனிமைதான் அதன் சுபாவம் என்று சொல்லிப் பிரிப்பது பொய். அன்பு என்று சொல்லி ஒரு சின்னத் தொட்டியில் சேர்ப்பது அதைவிடப் பெரிய பொய். விசாலமான இடமும், பாம்புக்கு ஒன்றாக மறைவிடமும், இரண்டு மூன்று சூடான மூலைகளும், இரைக்குத் தனிப் பெட்டியும், வியாதி இல்லை என்ற வைத்தியர் சீட்டும் கொடுக்க முடிந்தவன் சேர்த்து வைக்கட்டும். வீட்டில் இருக்கிற ஒரு தொட்டியைக் கொண்டு காரியத்தை முடிக்கப் பார்க்கிறவன் ஒரு பாம்போடு நிறுத்திக்கொள்ளட்டும். இரண்டாவது பாம்பு அவனுக்குத்தான் துணை. முதல் பாம்புக்கு அல்ல.

அமெரிக்காவில் மிசௌரி மாகாணத்தில் செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சிச் சாலையில் ஒரு பெண் பந்து மலைப்பாம்பு இருந்தது. 1961-இல் ஒரு தனி மனிதர் அதை அங்கே கொடுத்துவிட்டுப் போனார். 2020 ஜூலையில், அறுபது வயதைக் கடந்த பிறகு, அது ஏழு முட்டை இட்டது. ஆண் வாடையே படாமல் இருபது வருஷத்துக்குக் குறையாமல் ஆகியிருந்தது. இந்த ஜாதியில் பெண் தனியாகவே கருத்தரிப்பதும் உண்டு, ஆணின் வித்தைப் பல காலம் உள்ளே காத்து வைப்பதும் உண்டு என்று விளக்கம் சொன்னார்கள். பத்திரிகைகளுக்கு அதுதான் அதிசயம்.

எனக்கு வேறு ஒரு விவரம் போதுமாக இருந்தது. 1990-இலும் அது முட்டை இட்டிருக்கிறது. அப்போது அதிசயம் இல்லை; அந்த நாளில் கூண்டைக் கழுவும்போது பாம்புகளைச் சேர்த்து ஒரு வாளியில் போட்டு வைப்பது காவலாளிகளின் வழக்கமாம். கூண்டு கழுவுகிற நேரம், ஒரு வாளி. அதற்குப் பிறகு அந்த வழக்கமும் நின்றுவிட்டது. 2020-இல் அங்கே இன்னொரு பந்து மலைப்பாம்பும் இருந்தது. ஆண், வயது முப்பத்தொன்று. இரண்டையும் பொதுஜனங்களுக்குக் காட்டுவதில்லை. ஒரே காட்சிச் சாலை. பெட்டி மட்டும் தனித்தனி.